சமாதானம் வந்தால் நஷ்டம்: எஸ்தர் அத்தையின் படம்

எஸ்தர் அத்தையைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறார்கள். அத்தைக்கு அது பிடிக்காது. எனக்குத் தெரிந்தவற்றில் எங்கள் வீட்டுக்குச் சங்கடம் தரக்கூடியவையும் உண்டு. அவற்றையும் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் போன் மேசைமேல் அடித்தது. அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்ததால் நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"சாமு தம்பியா? நான் பிரேசர் டவுன் கீழ் வீட்டு ஷமீம் பேசறேன்ப்பா. அக்கா கதவ தொறக்கல. பெல் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். உள்ள டிவி மட்டும் ஓடுது. நீ வந்துரு."

அப்பா பாதிச் சோப்பு நுரையோடு வந்து நின்றார். "வர்றேங்க்கா" என்றார். நாங்கள் குடியிருக்கும் சந்தாபுராவிலிருந்து அத்தை இருந்த பிரேசர் டவுனுக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய ஒரு வருடமாக அப்பா அத்தையோடு பேசியிருக்கவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. பிழைப்புக்காகக் கம்பெனிகளுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். ஹெல்மெட் அணியுங்கள், ஒன்றாக முன்னேறுவோம், எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம் என்பது போன்ற படங்கள். அந்த வருமானத்தில் தமக்குப் பிடித்த வேறு படங்களையும் எடுத்தார். அவை போரைப் பற்றிய கிண்டல் படங்கள். போரில் யாருக்கு லாபம், எந்த நாடு எந்த நாட்டோடு ஏன் கை குலுக்குகிறது என்பதெல்லாம் அவற்றில் வரும்.

அத்தையின் படப்பிடிப்பை நான் முதன்முதலில் பார்த்தது இரண்டாம் வகுப்பில். அத்தையின் வீட்டு ஹால்தான் விமான நிலையம். பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருக்கும் டேவிட் அங்கிள் வெளியுறவு அமைச்சர். ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு நாடுகளில் ஒன்றின் அதிபருக்கு அவர் பொன்னாடை போர்த்துவார். போட்டோ எடுத்து முடித்ததும் அதே பொன்னாடையை மெதுவாக உருவி, மடித்து, விமானத்தில் ஏறி, எதிரி நாட்டு அதிபருக்கும் போர்த்துவார். இரண்டு அதிபர்களாகவும் ஷமீம் ஆன்ட்டியின் கணவரே நடித்தார், மீசையை மட்டும் மாற்றிக்கொண்டு. நான் விழுந்து விழுந்து சிரித்ததில் ஒலிப்பதிவு கெட்டுப்போனது. அத்தை திட்டவில்லை. "எங்க சிரிக்கணும்னு சொல்லாமலே சிரிச்சா பாருங்க, இவ போதும் எனக்கு" என்றார்.

கிண்டல் படம் எடுக்கும்போது அத்தை ஒரு விதியை மீறவே மாட்டார். விளம்பரப் படத்துக்குப் போடும் அதே இசை, அதே நீல நிற எழுத்து, அதே இனிய குரல். கோமாளித் தொப்பி வைக்க மாட்டார், முகத்தைக் கோணலாக்கச் சொல்ல மாட்டார். "சிரிங்கன்னு போர்டு வெச்சா அதுவும் விளம்பரந்தான்டி" என்பார். இந்த விதியால்தான் பின்னால் எல்லாம் நடந்தது.

அப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அத்தை வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. அப்பா வேலை செய்யும் கம்பெனியில் உலோக உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். அவற்றில் சில போர் விமானங்களுக்குப் போகின்றன. ஒரு ஞாயிறு, எங்கோ குண்டு விழுந்த செய்தி டிவியில் ஓடியது.

"உங்க போல்ட்டு இருக்குமாடா அதுல?" என்று அத்தை கேட்டார்.

"ஏங்க்கா, நாங்க குண்டா செய்யறோம்? போல்ட்டுதானே செய்யறோம்" என்றார் அப்பா. "ரசம் ஊத்து."

அத்தை ரசம் ஊற்றினார்.  ஆனால் அடுத்த படத்தை அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தார். அதற்கு 'சமாதானம் வந்தால் நஷ்டம்' என்று பெயர். போல்ட்டு செய்யும் ஒரு கம்பெனியின் கதை. போர் நிற்கப்போகிறது என்ற வதந்தி வர, கம்பெனியில் அவசரக் கூட்டம் கூட்டுகிறார்கள். எல்லார் முகத்திலும் துக்கம். கடைசியில் போர் தொடரும் என்று செய்தி வருகிறது, கேக் வெட்டுகிறார்கள்.

அப்பாவின் மேலதிகாரி இந்தப் படத்தின் தொடக்கத்தை எங்கோ போனில் பார்த்துவிட்டு, "உங்க சிஸ்டர் படமா? ரொம்ப பாசிட்டிவா இருக்கு. ஆண்டு விழாவுல போடலாம்" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையிடம் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"டேய் சாமு, இது கிண்டல் படம்டா. முழுசா பாத்தியா நீ?"

"பாத்தேன், பாத்தேன்."

"முடிவு வரைக்கும்?"

"பாத்தேங்க்கா, விடு."

அப்பா பார்க்கவில்லை. எனக்கும் அது தெரிந்தது, அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகும் ஏன் படத்தைக் கொடுத்தீர்கள் என்று அத்தையிடம் பின்னால் கேட்டேன். "அப்படியாவது பாப்பான்னு நெனச்சேன்" என்றார்.

விழாவுக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். படம் ஓடியது. போர் நிற்காமலிருக்கத் திரையில் மேனேஜர் பிரார்த்தனை செய்தார். யாரும் சிரிக்கவில்லை, உருக்கமாகப் பார்த்தார்கள். அடுத்து அந்த மேனேஜர், "நாங்க குண்டா செய்யறோம்? போல்ட்டுதானே செய்யறோம்" என்றார். அரங்கமே கை தட்டியது. என் பக்கத்தில் அப்பா மட்டும் அசையாமல் இருந்தார். கேக் வெட்டும் காட்சி வந்ததும் படம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். உங்களை நீங்களே இப்படிக் கிண்டல் செய்துகொள்ளப் பெரிய மனது வேண்டும் என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளியின் முகம் மாறியது.

"இது யாரு மாடித்து, சாமுவேல்?" என்று கன்னடத்தில் கேட்டார். இதை எடுத்தது யார் என்று அர்த்தம். அதன்பிறகு மேலதிகாரி அப்பாவின் காலை வணக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அப்பாவைச் சுட்டது அது அல்ல.

"உன் வீட்ல சோறு தின்னுக்கிட்டுச் சொன்னதுக்கா ஊரையே கை தட்ட வெச்ச?" என்று அத்தையிடம் போனில் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குடா அதுல. கடைசி வரைக்கும் பாரு."

"போதும்." அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன.

அந்தக் கடைசிக் காட்சி இதுதான்: கேக் வெட்டிய மேனேஜர் வீட்டுக்கு வருகிறார். மகள் பள்ளிப் பாடத்துக்காக, "அப்பா, நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் அவள் தட்டில் சோறு வைக்கிறார், குழம்பு ஊற்றுகிறார், முள் எடுத்து மீன் வைக்கிறார்.  இதில் மட்டும் இசை இல்லை, கிண்டலும் இல்லை. மேனேஜராக டேவிட் அங்கிள் நடித்தார். மகள் நான்தான். ஏதோ படத்தில் தலைகாட்டினேன் என்றுதான் அப்பாவுக்குத் தெரியும்.

"அவர் கெட்டவர்தானே அத்தை, அவருக்கு ஏன் இவ்வளவு பாவம் பாக்கறீங்க?" என்று படப்பிடிப்பில் கேட்டேன்.

"கெட்டவன் இல்லடி பெனி. பொண்ணுக்கு முள் எடுத்துக் குடுக்கறவன். அதான் எனக்குத் தூக்கம் வரல."

அம்மா மாதம் ஒருமுறை அப்பாவுக்குத் தெரியாமல் என்னை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போவார். அங்கே சாப்பாட்டு மேசைமேல் கம்ப்யூட்டர் ஏறியிருந்தது. ஒரு மூலையில்தான் தட்டு வைக்க இடம். அந்தப் படத்துக்கு வந்த கருத்துகளை அத்தை எனக்குப் படித்துக் காட்டுவார். "சூப்பர் மோட்டிவேஷன் மேடம், எங்க ஸ்டாஃபுக்கும் போட்டுக் காட்டினோம்." இருவரும் சிரிப்போம். ஒருமுறை சிரித்து முடித்ததும், "தனியா சிரிச்சா வாய் வலிக்குதுடி" என்றார். அடுத்த படம் எப்போது என்று கேட்டேன். "யாருக்கு எடுக்கறது?" என்றார்.

அன்று காலை கதவைத் திறக்கவைத்து உள்ளே போனோம். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். அப்பா டிவியை நிறுத்தினார். பிறகு அத்தையின் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்ற முயன்றார். கூந்தலில் சிக்கியிருந்தது. ஒவ்வொரு முடியாகப் பிரித்துத்தான் கழற்றினார்.

அடக்கம் முடிந்தபின் சபை மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தார்கள், வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தையின் படம் ஒன்றைக் காட்டலாம் என்று டேவிட் அங்கிள் சாலைப் பாதுகாப்புப் படத்தை எடுத்து வைத்திருந்தார்.

"அது வேணாம் டேவிட்" என்றார் அப்பா. "அந்தப் போல்ட்டு படத்தைப் போடுங்க."

"சாமு... நிஜமாவா?"

"கேக் வெட்டறப்ப நிறுத்திடாதீங்க. முழுசா ஓடட்டும்."

பிறகு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில் வருவது நான் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். எங்கே என்ன உணர வேண்டும் என்று அத்தை யாருக்கும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

போய் வாருங்கள், அத்தை. உங்கள் தம்பி வந்திருக்கிறார்.

ஷமீம் ஆன்ட்டி கதவோரம் போய் சுவிட்சுகளைத் தட்டினார். விளக்குகள் அணைந்தன.