இரும்புப் பரம்பு

கத்தாரில் என் வேலை கிரேடர் ஓட்டுவது. ரோடு போடுவதற்கு முன் மணலை மட்டமடிக்கிற வண்டி அது. லீவில் ஊருக்கு வந்திருந்தேன். கம்பெனி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் கரிசல்காட்டில் இந்த வருசம் மக்காச்சோளம் நன்றாக வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். சரி என்றாள். இந்த மாதிரிப் பேச்சை முந்தைய லீவுகளிலும் கேட்டவள்.

காடு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் நின்று பயிர் அழுகும், மேட்டில் காயும். மட்டமடிக்க வெளி ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பே அதுதானே. பந்தல்குடி ரோட்டில் பழைய இரும்புக் கடையில் லாரி சேசிஸ் சட்டம் இரண்டு எடுத்தேன். பக்கத்துப் பட்டறையில் அவற்றை முன்னும் பின்னுமாகப் போட்டு, நடுவே குறுக்குக் கம்பி கொடுத்து வெல்டு வைத்தோம். முன்சட்டம் மேட்டைச் செதுக்கும், பின்சட்டம் மண்ணைத் தடவிவிடும், இழுக்க ஒரு சங்கிலி. இதற்கு என்ன பேர் என்று பட்டறைக்காரர் கேட்டார். மாடு இழுத்தாலும் டிராக்டர் இழுத்தாலும் பரம்புதான் என்றேன்.

டிராக்டர் மைத்துனருடையது. முதல் இழுப்பிலேயே பரம்பு துள்ளியது. "மேல ஒரு ஆளு உக்காரணும் மச்சான்," என்றார். கத்தாரில் அப்படி உட்கார்ந்தால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் கல்லை ஏற்றிக் கட்டினேன். மேடு கரைந்து பள்ளம் நிரம்பியது. அதோடு விட்டிருக்கலாம். டயர்த் தடம் பதியாமல் இறுகும் வரைக்கும் மண்ணை அமுக்குவது எங்கள் வேலைப் பழக்கம். நானே டிராக்டரில் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம் காடு கேரம்போர்டு மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ கொண்டுவந்த மனைவி குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். "இதுல பஸ்ஸு விடப் போறீகளா?"

அந்த வாரமே மழை பெய்தது. இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்கவில்லை. பாதி ஓடைக்குப் போனது, மீதி மேலேயே நின்று சகதியானது. டிராக்டரை இறக்க வழியில்லை. பக்கத்துக் காடுகளில் விதைப்பு முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து போனில் கூப்பிட்டு, இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்றார்கள். பரணில் கிடந்த என் பயணப் பெட்டியை மனைவி இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மண் காய்ந்ததும் உழுது கிளறிவிட்டுப் பரம்பை மறுபடி மாட்டினேன். அவள் வந்து கல்லையெல்லாம் அவிழ்த்துக் கீழே தள்ளினாள். குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவா ஓட்டுங்க. நான் சொன்னா நிறுத்திரணும்."

காடு முழுக்க ஒரே ஒரு நடை. போதும் என்றாள். திரும்பிப் பார்த்தேன். அங்கங்கே கட்டி கிடந்தது. எங்கள் சூப்பர்வைசர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"இன்னொரு நடை விடட்டா?"

"வேணாம். வெளைஞ்சாலும் சரி, வெளையாட்டியும் சரி, கம்பெனிக்கு வரலைன்னு இன்னைக்கே சொல்லிருங்க."

அவள் முகமெல்லாம் புழுதி. பரம்பை விட்டு இறங்காமலே சொன்னாள். சோளம் வரட்டும் என்று நான் போட்டிருந்த நிபந்தனையை அவள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். விதை இன்னும் மூட்டையில்தான் இருந்தது.