அணு அளக்க அடித்த முளைகள்

இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்டதும் என் தங்கை முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினாள். அடுத்து வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட மேசனைப் பிடித்தாள். அவன் வேலை தொடங்கவேண்டிய கிழமையில்தான் காணிக்குள் மரமுளைகள் தெரிந்தன. தலையில் செம்மஞ்சள் மை. கடற்கரையிலிருந்து றோட்டுவரை ஒரே நேர்கோட்டில், எங்கள் எல்லையிலிருந்து சற்று உள்ளே அடித்திருந்தார்கள்.

மேசனைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தாள்.

நான் மாவட்டச் செயலகமான கச்சேரியில், காணிக் கிளையில் இருந்து ஓய்வுபெற்றவன். அதற்கு முதல் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தேன். கச்சேரியில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது முளையடித்தவர்கள் அங்கேயே நின்றார்கள்: ஓர் இளம் விரிவுரையாளர், இரண்டு மாணவிகள். சிறிய மானியொன்றை நிலத்துக்குமேல் பிடித்துப் பார்த்துவிட்டு, மண்ணைப் பொலித்தீன் பைகளில் அள்ளினார்கள்.

விரிவுரையாளர் பணிவாக விளக்கினார். மண்ணில் இயற்கையாக உள்ள கதிர்வீச்சை அளக்கிறார்களாம். கடலுக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது; எப்போதாவது ஏதும் நடந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய அளவு வேண்டுமாம். மாரியிலும் கோடையிலும் அதே இடத்தில் அளப்பதற்குத்தான் முளை. பணிவாக விளக்குபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். உத்தியோகத்தில் நானும் அப்படித்தான் விளக்குவேன்.

இலங்கைக்கும் அணு உலை வரப்போவதாகப் பத்திரிகையில் அடிபடுகிறதே, அதற்கு இடம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார், கொஞ்சம் அவசரமாக. யுரேனியத்தின் கரு பிளக்கும்போது சிதறும் நியூத்திரன்கள் அடுத்த கருக்களைப் பிளக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுற்றுவதுதான் அணுமின் நிலையம். சூட்டை ஆற்றவும் தண்ணீர் வேண்டும், ஏராளமாக. ஆகவே கடற்கரை நல்லது. தங்கையின் காணியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். இதை அவரிடம் சொன்னேன்.

உடனே அவர் கதையை இணைவுக்கு மாற்றினார். எதிர்காலம் அதுதானாம். சூரியனைப்போல ஐதரசன் கருக்களைச் சேர்ப்பது, கட்டுமீறி ஓடாது, பிளவைப்போல எத்தனையோ தலைமுறைக்குக் காவல் காக்கவேண்டிய கழிவு மிஞ்சாது, எரிபொருளில் ஒரு பங்கைக் கடல்நீரிலிருந்தே எடுக்கலாம். கடல்நீர் என்றதும் தங்கை என்னைப் பார்த்தாள்.

நான் படித்த காலத்திலும் இணைவு இன்னும் கொஞ்சக் காலத்தில் வந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். சூரியனின் நடுவைவிடச் சூடான வாயுவை, பாத்திரத்தில் படவிடாமல் காந்தத்தால் பிடித்துவைக்க வேண்டும். பிடிக்கிறார்கள், நழுவவிடுகிறார்கள். இதுவரை ஒரு வீட்டு பல்பும் அதில் எரியவில்லை.

அவர்கள் போனபின் தங்கை கேட்டாள்: "பிரிச்சாலும் கரண்ட், சேத்தாலும் கரண்ட். எப்பிடிப் பாத்தாலும் கடக்கரைக் காணிதானே கேக்கினம், அண்ணை?"

பிரதேச செயலகத்தில் போய் விசாரித்தேன். காணி சுவீகரிப்பதென்றால் முதலில் காணி எடுத்தல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அறிவித்தலை மூன்று மொழியிலும் காணியில் ஒட்டவேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, அறிவித்தல் இல்லாமல் ஓரடி நிலமும் எடுக்க ஏலாது, வீட்டைத் தொடங்கு என்றேன்.

"முந்தி எங்களை எழுப்பேக்கை ஆர் அண்ணை நோட்டீஸ் ஒட்டினது?"

இன்னொருமுறை வீட்டைக் கட்டி, இன்னொருமுறை விட்டுவிட்டுப் போக அவளுக்குத் தெம்பில்லை. முளையைப் பிடுங்கு என்றேன். பிடுங்கவும் பயம். வாடகை வீட்டிலேயே அந்த மாரியையும் கழித்தாள்.

மாரி முடியும் தறுவாயில் பக்கத்துக் காணிக்காரர் வேலியடைத்தார். கதியால் என்று நாங்கள் நடும் கிளுவைத் தடி, எங்கள் ஊர்களில் ஒவ்வொரு வேலியடைப்புக்கும் அடுத்தவன் காணிக்குள் கொஞ்சம் நகரும். அதற்காகக் கோடேறி நீதிபதி முன்னால் வழக்குப் பேசுவோம். இவர் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்த மினக்கெடவில்லை. செம்மஞ்சள் முளைகளை நில அளவையாளர் போட்ட எல்லையாக எடுத்து, அவற்றின் வழியே கதியாலை நட்டுவிட்டார். உண்மையாக நம்பினாரா, வசதிக்கு நம்பினாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

தங்கை கூப்பிட்டு நான் போனபோது அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"கவுண்மேந்து அடிச்ச முளை, தங்கச்சி. நான் என்ரை எண்ணத்துக்கு நடேல்லை."

"உது அணு அளக்கிற முளை."

"அணுவுக்கேன் இவ்வளவு நேர்கோடு?"

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, மேசனுக்குப் போன் எடுங்கோ. முதல்லை மதில். பிறகு வீடு."

"அணு உலை?" என்றேன்.

"அது வரேக்கை வரட்டும். உவர் வந்திட்டார்."

மேசன் அன்று பின்னேரமே வந்து பழைய எல்லைக்கு நூல் கட்டினான். நான் ஒரு முனையைப் பிடித்தேன். பக்கத்துக் காணிக்காரர் மறுமுனையில் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் தன் பக்கம் சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.