ஆறாம் கட்டிலுக்கு இரண்டு பத்துக்கு வருகிறவர்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. இதை என்னிடம் சொன்ன அக்கா பொய்யே சொல்லாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். நான் சொல்ல வந்ததே அந்தப் பொய்யைப் பற்றித்தான்.

பேய் என்றதும் நடுராத்திரியையும் அணைந்து எரியும் விளக்கையும் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பட்டப்பகல். மதியம் இரண்டு பத்து. கட்டில்மேல் வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா இல்லை. இருவருமாக ஒரு தையல் கடை வைத்திருந்தார்கள். வெட்டுவதும் தைப்பதும் அவன், காஜாவும் பட்டனும் அவள். இருபத்தாறு வயதுப் பையனை ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது. அவளும் கேலியாக அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் அதுவே பேராகிவிட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பான். பந்தயம் கட்டிக் கோப்பான், ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

அந்த மாஸ்டர் ஒரு மாதம் தூங்காமல் தைத்தான். முதலில், உழைக்கிறானே என்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம், டெலிவரிக்குக் கட்டி வைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்துப் போட்டான். எல்லா அளவும் பொய் என்றான். ஒரு நாள் காலையில் மொட்டை மாடிச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டான். கையில் இருந்த அளவு டேப்பைக் கீழே தொங்கவிட்டு, தெரு எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டிருந்தான்.

அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள்?

நாலு பேர் பிடித்துத்தான் மருத்துவமனைக்குள் கொண்டுபோக முடிந்தது. "எனக்கு வேணாம்கா! சொல்லுக்கா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுக்கா!" என்று கத்தினான். நோயாளி சம்மதிக்காவிட்டால் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அவனைப் பார்க்காமலே போட்டாள். அவன் மாடியிலிருந்து விழுந்து சாவதைவிட இங்கே கத்திக்கொண்டு உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள். அது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். அவனுக்கு ஜன்னலோரம் ஆறாம் நம்பர். சுவர்க் கடிகாரத்தைக்கூட யாரும் உடைத்துவிடாதபடி கம்பி வலைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். நோயாளிகளின் சட்டையில் பட்டன் கிடையாது, நாடாதான். ஒன்றரைக்கு மருந்து. நர்ஸ் ஒவ்வொருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். "ஆ காட்டு... நாக்கைத் தூக்கு... சரி." மாத்திரையை ஒளித்து வைத்துத் துப்புகிறவர்களைப் பிடிக்க அந்த ஏற்பாடு. மாஸ்டர் அவளுக்கு டார்ச் சிஸ்டர் என்று பேர் வைத்தான். அவன் அடித்த கடைசி ஜோக் அதுதான்.

ஒன்றே முக்காலுக்கு ரொட்டியும் பாலும். இரண்டு மணிக்கு வார்டு மொத்தமும் தூக்கம். பெரிய டாக்டர் தங்கமான மனுஷன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்திலேயே மாஸ்டரின் வெறி அடங்கிவிட்டது, தூங்கினான். ஆனால் அடங்கியது அங்கே நிற்கவில்லை. எச்சில் தானாக ஒழுகியது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கை நடுங்கியது. ஊருக்கே துணி தைத்தவனுக்கு நாடாவை முடிச்சுப் போட வரவில்லை. அவள் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வராந்தாவில் மற்ற நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள் இதைப் பற்றியே மோதிக்கொள்வார்கள். "கட்டிப் போட்டாவது குடுக்கணும். என் மகன் உயிரோட இருக்கான்னா இந்த மருந்தாலதான்" என்பார் ஒருவர். "இப்படி ஊத்திக் குடுத்தா உயிரோட இருந்துதான் என்ன?" என்பாள் ஒருத்தி. அக்காவுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே படும்.

இரண்டாம் வாரம், திங்கட்கிழமை. மாஸ்டர் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா... ஒருத்தர் வரார்."

"யாரு?"

"தெரியல. தினமும் ரெண்டு பத்துக்கு. கட்டில்ல உக்காருவார். வாயைத் திறந்து காட்டுவார்... நாக்கைத் தூக்கிக் காட்டுவார். விழுங்காதேன்னு சொல்றார் போல இருக்கு."

டார்ச் சிஸ்டர் காதில் இது விழுந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. இல்லாதது தெரிகிறது, மருந்தை விழுங்காதே என்று வேறு சொல்கிறது! மாலையே மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது.

"இனிமே யாரும் வரலன்னு சொல்லுடா. உன் கால்ல விழறேன்" என்றாள் அக்கா.

"வரவரை எப்படிக்கா வரலன்னு சொல்றது?"

செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு, அவன் கால்மாட்டில் ரொட்டித் துகள்கள் கிடந்ததைப் பார்த்தாள். ஈரமாக இருந்தன. அவன் அன்று ரொட்டியைத் தொடவே இல்லை... எறும்பு வருமே என்று தட்டிவிட்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

புதன்கிழமை அவள் தூங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2:07. பன்னிரண்டு கட்டிலிலும் குறட்டை.

2:09. குறட்டை நின்றது. பன்னிரண்டும், ஒரே நேரத்தில்.

2:10. க்ரீச்... ஆறாம் கட்டிலின் ஸ்ப்ரிங். தம்பி அசையவில்லை. அவன் காலருகே மெத்தை அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த அளவுக்கு.

அப்புறம் ஆளும் தெரிந்தார்.

மொட்டைத் தலை. வார்டுச் சட்டை, நாடா முடியாமல் தொங்கியது. நெஞ்சு முழுக்க ஈர ரொட்டி. வெயில் அவர்மேல் விழுந்தது, நிழல் மட்டும் விழவில்லை. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். இன்னும் திறந்தார்... இன்னும்...

அவள் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தாள். கத்த வாய் வரவில்லை.

2:14. மெத்தை மேலே எழும்பியது. குறட்டைகள் திரும்ப ஆரம்பித்தன.

"பாத்தியாக்கா?" என்றான் மாஸ்டர். பல நாளுக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பு. "பாத்தேல்ல? அப்போ எனக்குப் பைத்தியமில்ல."

"பாத்தேன்" என்றாள்.

வியாழன் காலை 11:20. பெரிய டாக்டரின் அறை. மருந்தைக் குறைப்பதா கூட்டுவதா என்று முடிவு செய்கிற நாள்.

"இன்னும் அவர் வராரா?" என்று கேட்டார் டாக்டர், அன்பாகத்தான்.

"வரார். அக்காவும் பாத்தாங்க. கேளுங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். கையில் பேனா.

அந்தக் கணத்தில் அவள் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். ஒன்பதாம் கட்டில்காரனின் அம்மா, மகனுக்குக் கேட்கிற குரல் தனக்கும் கேட்கிறது என்று போன வாரம் இதே அறையில் சொன்னாள். பரம்பரையாக இருக்கலாம் என்றார்கள். சும்மா ஒரு செக்கப் என்று பெண்கள் வார்டுக்கு அழைத்துப் போனார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. மாஸ்டரை வெளியே எடுக்க ஒரே ஒரு கையெழுத்துதான் உண்டு, அது அக்காவுடையது. அவளும் உள்ளே போய்விட்டால் அவனுக்கு யார்?

"யாரும் இல்ல, டாக்டர்" என்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தான். கோபமில்லை. கத்தவில்லை. டேப்போடு மாடியில் நின்றபோது தெருவைப் பார்த்தானே, அப்படிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"மருந்து பத்தல போலிருக்கு" என்று சொல்லி டாக்டர் எழுதினார்.

வெள்ளிக்கிழமை. ஒன்றரைக்கு மருந்து, ஊசி. அவனால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஒன்றே முக்காலுக்கு ரொட்டி வந்தது. வெறும் வயிற்றில் மருந்து கிடந்தால் குடல் புண்ணாகுமே என்று, பாலில் ஊறவைத்து அவளே ஊட்டினாள். ஒரு வாய். இன்னொரு வாய். வாய் அசைந்தது. சாப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

2:09. குறட்டை நின்றது.

2:10. இந்தத் தடவை அவர் உட்காரவில்லை.

அவள் முகத்துக்கு நேரே நின்றார். வாயைத் திறந்தார். விரலால் தன் தொண்டையைக் குத்திக் காட்டினார். திரும்பத் திரும்ப... பதறிப் பதறி...

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யாரும் இல்ல... யாரும் இல்ல... யாரும் இல்ல..."

2:14. கண்ணைத் திறந்தாள்.

பதினொரு குறட்டைதான் கேட்டது.

மாஸ்டரின் உதடு நீலமாகியிருந்தது. டார்ச் சிஸ்டர் ஓடி வந்தாள். டாக்டர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். தொண்டையிலிருந்து ரொட்டியை எடுத்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். 2:31க்கு நிறுத்திவிட்டார்கள். டாக்டர் வராந்தா பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருந்து கூடிப்போனால் சிலருக்கு விழுங்கும் சக்தி போய்விடும், கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

அவன் போன பதினேழாம் நாள், மாஸ்டரின் துணிகளை வாங்க மறுபடி அங்கே போனாள். மதியம் 1:40. டார்ச் சிஸ்டர் அவளை ஓரமாக அழைத்தாள்.

"உங்க கிட்ட சொல்லாம என்னால தூங்க முடியலம்மா. போன வருஷம் இதே ஆறாம் கட்டில்ல ஒருத்தர் இறந்தார். மொட்டைத் தலை. ரொட்டி அடைச்சு. ரெண்டு பத்துக்கு."

சிஸ்டர் அதோடு நிறுத்தவில்லை.

"அவரோட கேஸ் ஷீட்ல கடைசி வரியை நான்தான் எழுதினேன். 'தினமும் ஒரு பெரியவர் வந்து வாயைத் திறந்து காட்டுவதாகச் சொல்கிறார். மருந்து கூட்டப்பட்டது.'"

வாயைத் திறந்து காட்டியது மாத்திரைக்காக இல்லை. விழுங்க முடியவில்லை என்று காட்டியிருக்கிறார். உன் தம்பிக்கும் முடியவில்லை, பார் என்று அவள் முகத்துக்கு நேரே நின்று கெஞ்சியிருக்கிறார்...

"இப்போ ஆறுல யாரு?" என்றாள் அக்கா.

"ஒரு லாரி டிரைவர். கூட அவர் மனைவி இருக்காங்க."

ஓடினாள்.

1:52. டிரைவரின் மனைவி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பிடுங்கி எறிந்தாள். "குடுக்காதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க! விழுங்க முடியலன்னு டாக்டர் கிட்ட சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க!"

டிரைவரின் மனைவி மிரண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவர் கிட்ட யாரோ வரானாம்மா. சின்னப் பையனாம். வாயைத் திறந்து காட்டுறானாம். நடுநடுவுல விரலை வச்சு எதையோ கோக்குற மாதிரி பண்றானாம்... கை நடுங்குதாம். கோக்க முடியலயாம்."

அக்கா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

2:09. குறட்டை நின்றது.

2:10. க்ரீச்...

டிரைவரின் கண்கள் மெல்லத் திரும்பின.

"வந்துட்டான்..."

வாசலில் சிஸ்டரின் டார்ச் கீழே விழுந்து உருண்டது. அவளும் பார்த்துவிட்டாள். மனைவியும் பார்த்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெயில். விரிப்பு. பள்ளம் விழுந்த மெத்தை.

"எங்க? எங்க இருக்கான், அண்ணே?"

"உங்க... எதிர்லதான்."

"என்ன பண்றான்?"

"உங்களையே பாக்குறான்."

அந்த டிரைவர் பிழைத்துக்கொண்டார். மருந்தைக் குறைத்தார்கள், இப்போது லாரி ஓட்டுகிறார். அந்த வார்டில் மதிய ரொட்டியை நிறுத்திவிட்டார்கள். ஆறாம் கட்டிலில் இப்போது யாரையும் படுக்க வைப்பதில்லை.

அக்கா மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகிறாள். சிஸ்டர் உள்ளே விடுகிறாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசியையும் நூலையும் கட்டில்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். வார்டில் எத்தனையோ பேர் அவனைப் பார்த்திருக்கிறார்கள்.

2:10க்கு மெத்தை அமுங்குகிறது.

அக்கா பார்க்கிறாள்...

யாரும் இல்லை.