பிள்ளையைக் கேட்டு வந்தவர்கள்

புரொக்டர் என்கிற வக்கீலின் ஆபீஸ் குமாஸ்தாவிடம் ஜனங்கள் கடைசியாகத்தான் வருவார்கள். கங்காணி, சங்கத் தலைவர், சாமியாடி எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் அந்த நாற்காலியில் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். புருஷன் பெண்சாதி பிரிந்து, பிள்ளை யாருக்கு என்று அலைந்தவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பதியாத கல்யாணம்

மாரியாயி அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்து இவளை வெளியே அனுப்பிவிட்டான். மூன்று வயது மகளை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணத்தைப் பதியவில்லை, அதனால் உனக்குப் பிள்ளைமேல் உரிமையே இல்லை என்று சொல்லியிருக்கிறான். அவளும் நம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் பூட்டு. மற்ற நாளில் வருவதென்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் காரணம் சொல்லி லீவு கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

பதிவு இல்லாவிட்டாலும் தாய் பிள்ளையைக் கேட்கலாம், அன்றைக்கே வந்திருந்தால் சுலபம் என்றார் எங்கள் புரொக்டர். வழக்குப் போட்டோம். கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, யாரிடம் போகிறாய் என்று கேட்டார். அது சின்னம்மாவாக வந்தவளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்து ஆறுதல் சொல்லப் போனேன். அவள் அழவில்லை. "பிள்ள மேல குத்தமில்லைங்க ஐயா. அதுக்கு நான் யாரு?" என்றாள்.

கைநாட்டு

நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்த செல்லையாவின் மனைவி, கைக்குழந்தையோடு இறம்பொடையில் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இவன் குழந்தையைப் பறிக்க நினைத்தவனல்ல. மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றான். அதற்காகப் பெரியவர்கள் முன்னால் ஒரு கடுதாசியில் கைநாட்டு வைத்திருந்தான். ஆனால் போகும்போதெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் கடுதாசியை என்னிடம் நீட்டினான்.

படித்துக் காட்டினேன். பிள்ளைமேல் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, இனி அந்தப் பக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தது. அவன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு மடித்து வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு இத ஒருத்தரும் படிச்சுக் காட்டலைங்க" என்றான்.

இந்தியா போகிற ரயில்

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ராக்கம்மா என்று ஒரு பெண் வந்தாள். மழையில் நனைந்து, தலையில் போட்ட சாக்குக் கொங்காணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பிரிந்திருந்த புருஷன் ஐந்து வயது மகளை இந்தியாவுக்குக் கூட்டிப்போகப் பத்திரமெல்லாம் எடுத்துவிட்டான், தடுக்க முடியுமா என்று கேட்டாள். என்றைக்குப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. புரொக்டர் கண்டியில் ஒரு வழக்கில் இருந்தார். என் மேசையில் வேலை குவிந்து கிடந்தது. வியாழக்கிழமை வா என்றேன். சரிங்க ஐயா என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றாள். புதன்கிழமை ரயிலிலேயே அவன் பிள்ளையோடு தலைமன்னாருக்குக் கப்பலேறப் போய்விட்டான். திங்கட்கிழமையே எனக்கு ஆள் அனுப்பியிருந்தால் கோர்ட்டில் தடை கேட்டிருக்கலாமே என்றார் புரொக்டர். பிள்ளை போன பிறகும் எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. "ஐயா இன்னைக்கு வரச் சொன்னாங்க. அதான் வந்தேங்க."

எந்த வழக்கையும் இன்னொரு தேதிக்குத் தள்ளி வைக்கலாம், பிள்ளையைத் தள்ளி வைக்க முடியாது என்ற ஒரே ஒரு சட்டத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு உத்தியோக காலமே தேவைப்பட்டது.