வாத்துக்குப் பின்னால் நடந்தவர்

ஏணி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. ஆறடி உயரம், தொழில் பெயிண்ட் அடிப்பது, தோளில் எந்நேரமும் ஓர் ஏணி. பிறகு பெயர் வேறு எப்படி அமையும்? முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் வெள்ளையும் மஞ்சளும் பூசியவர், சொந்த வீட்டுச் சுவரைக் காரை தெரிய விட்டிருந்தார். கேட்டால், "டாக்டர் வீட்டுல யாருக்கும் ஜலதோஷம் பிடிக்கறதில்லையா?" என்பார். வாய்க்கு மட்டும் பஞ்சமே இல்லாத மனிதர்.

யானைக்கும் அடி சறுக்கும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடிக்கும்போது முதல் மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே தகடு வைத்து முடுக்கி, கையில் ஒரு கம்பும் கொடுத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. முன்னறைக் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்த் திரும்புவதோடு அவருடைய உலகப் பயணம் முடிந்தது.

"எலும்பு என் வேலை, அது முடிஞ்சுது. நடக்கறது உங்க வேலை," என்றார் டாக்டர். "தினமும் நடக்கலேன்னா இந்த முட்டி இப்படியே இறுகிடும். அப்புறம் நான் நினைச்சாலும் மடக்க முடியாது."

தலையாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். பயம். எழுந்து நின்று கீழே பார்த்தால், தரை தன்னை நோக்கி எழும்பி வருவதுபோல ஒரு பயம். அதை வெளியே சொல்ல அவருக்கு நா எழவில்லை. "வலிக்குது" என்பது சுலபமாக இருந்தது.

அவர் மனைவிக்கு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடியே செய்ய வேண்டும். வந்ததும் அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கும் மகளை போனில் அழச் சொல்லியும் பார்த்தாள். கல்லுளிமங்கன் அசையவில்லை. ஒருநாள் அவள் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள். திட்டுகிற பெண்டாட்டியை விடத் திட்டுவதை நிறுத்திய பெண்டாட்டியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கணும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரிய வேண்டாமா?

அந்த வாரக் கடைசியில் ஒரு கூடையோடு வந்து இறங்கினாள். உள்ளே ஆறு வாத்துகள், பாதி இறகு முளைத்த வயசு.

"எதுக்குடி இது? ஏழு கோழியும் ஒரு சேவலும் இருக்கே, பத்தலையா?"

"கூட வேலை பாக்கறவ வீடு மாத்தறா. சும்மா குடுத்தா. கோழியோட கோழியா வளரட்டும்."

வாத்து என்றைக்குக் கோழியோடு கோழியாக வளர்ந்தது? கோழிகள் குடிக்க வைத்த தண்ணீரில் முதல் நாளே இறங்கிக் குளித்தன. கோழிக்குக் கால் நனைந்தால் ஆகாது, வாத்துக்குக் கால் காய்ந்தால் ஆகாது. இரண்டே நாளில் பாதிக் கொல்லை சேறு. சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்குப் போனது. ஆறும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததும் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்ததுபோல நழுவிவிட்டது. ஏணி கட்டிலில் படுத்தபடியே உத்தரவு போட்டார். "கோழிக்குத் தண்ணிய செங்கல் மேல உயரமா வை. வாத்துக்கு என் பெரிய பெயிண்ட் டப்பாவ வெட்டிக் குடு. கொட்டகைல கழிக்கு நேர் கீழ வாத்தப் படுக்க விடாத, கோழி மேலருந்து அசிங்கம் பண்ணும்." அவளும் ஒன்று விடாமல் செய்தாள்.

ஒரு மாசம் போனது. அவள் தலை வாரிக்கொண்டே சொன்னாள். "நாளையிலேர்ந்து எனக்கு ஷிப்ட் மாறுது. வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். கோழிங்க பொழுது சாஞ்சா தானா போய் அடைஞ்சுடும். வாத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. நீங்கதான் ஓட்டி அடைக்கணும்."

"என்னால முடியாது."

"சரி விடுங்க. பக்கத்து வீட்டு வெல்டர் நாய் சுவர் ஏறிக் குதிக்கும். பாவம், அதுக்கும் பசிக்குமில்ல."

மறுநாள் சாயங்காலம் ஏணி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் போய்க் கழியில் ஏறின. வாத்துகள் கொல்லைக் கோடியில் சாவகாசமாகச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. சுவருக்கு மேல் ஒரு நாய் மூக்கு தெரிந்தது. சனியன் என்று திட்டியபடி கம்பை எடுத்தார்.

ஓட்டுகிறவன் இரண்டு அடி வைத்தால் வாத்து நாலு அடி வைக்கும். நின்றால் தானும் நின்று, என்ன ஆச்சு என்பதுபோல் பார்க்கும். கதவுவரை வந்து, உள்ளே போகாமல், கும்பலாக வளைந்து மறுபடி கோடிக்கே போய்விடும். முக்கால் மணி நேரம் பிடித்தது. அவள் வந்தபோது அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வேலியில போன ஓணானப் பிடிச்சு மடியில விட்டுருக்க நீ."

"அடைச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ போடப் போனாள். அடுப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

அப்படியே நாலு மாசம். தினம் வைவார், தினம் நடப்பார். கம்பைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் வாத்துகள் அந்தப் பக்கம் திரும்பாது என்று கற்றுக்கொண்டார். அந்தக் கம்பு எப்போது தன் காலுக்காக இல்லாமல் வாத்துக்காக ஆனது என்பது அவருக்கே தெரியாது.

ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. கோழிகள் எப்போதோ கொட்டகைக்குள் போய்ச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. வாத்துகளுக்கோ கல்யாண சந்தோஷம். கொல்லை முழுக்க வழுக்கல். படியில் நின்ற ஏணிக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தரை மெல்ல எழும்பியது. அப்போதுதான் நாய் சுவரைத் தாண்டிக் குதித்தது. என்ன கத்தினார், எப்படி இறங்கினார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நாய் வந்த வழியே ஓடியபோது அவர் நடுக்கொல்லையில் நின்றிருந்தார். கம்பு கொல்லைப் படியில் கிடந்தது. கீழே பார்த்தார். தரை தரையாகவே கிடந்தது. மழையிலே நின்று அந்த ஆறடி மனிதர் குழந்தை மாதிரி அழுதார். வாத்துகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

அடுத்த வாரம் ஒருநாள் அவளுக்கு லீவு. "நீ வீட்டுல இரு, நானே பஸ்ஸுல போய்ட்டு வரேன்" என்று சொல்லித் தனியாகவே டாக்டரிடம் போனார். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்துச் சிரித்தார். "கம்பக் கடாசிடுங்க. உயரத்துல மட்டும் இப்போதைக்கு ஏற வேணாம். யாரு உங்களுக்குப் பயிற்சி குடுத்தது?"

"வாத்துங்க சார்," என்றார் ஏணி. டாக்டர் அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டார்.

சந்தோஷத்தை முதலில் வாத்துகளிடம் சொல்லத் தோன்றியது. அதனால் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் வந்தார். கதவு இடுக்கில் அவள் தெரிந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய பழைய பெயிண்ட் டப்பா மூடியை எடுத்து, கரண்டியால் டங் டங் டங் என்று மூன்று தட்டு. அவ்வளவுதான். கோடியிலிருந்த ஆறு வாத்துகளும் ஓட்டமும் நடையுமாக வந்து, வரிசையாகக் கொட்டகைக்குள் நுழைந்தன. பிஸ்கட் தூளைக் கொஞ்சம் உள்ளே தூவிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"போதும். இன்னைக்கு அவருக்கு லீவு," என்றாள் வாத்துகளிடம்.

ஏணி சந்திலேயே நின்றுவிட்டார். விடிகாலையில் தினமும் தூக்கத்தில் கேட்ட சத்தம் இது. பாத்திரம் கழுவுகிறாள் என்றல்லவா நினைத்தார்? வாத்துகளைப் பழக்கியிருக்கிறாள். முதலில் கோபம் வந்தது. முட்டி கழன்று விழுகிற மாதிரி வலித்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது. மூணு தட்டில் முடிகிற காரியத்துக்கு நாலு மாசம் அலைய விட்டிருக்கிறாளே, அழுத்தக்காரி! ஷிப்டைக்கூட அவளே கேட்டு மாற்றி வாங்கியிருப்பாள். கோபம் அதற்கு மேல் ஏறவில்லை. ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும். கால்வலியோடு வேலையிலிருந்து வந்து, அந்த மூடியைத் தொடாமல், 'அடைச்சுட்டீங்களா?' என்று மட்டும் தினம் தினம் கேட்டவள் அல்லவா இவள்?

சத்தமில்லாமல் தெருவுக்குத் திரும்பி, முன்வாசல் வழியாக இருமிக்கொண்டே நுழைந்தார்.

"வாத்தெல்லாம் அடைச்சாச்சா?"

"இப்பதான்," என்று அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "என்ன ஆட்டம் காட்டுதுங்க தெரியுமா? இடுப்பு விட்டுப்போச்சு."

"பாவம், உனக்குப் பழக்கமில்ல. நாளைக்கு நானே பாத்துக்கறேன்."

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டவள் டீயோடு படியில் உட்கார்ந்தாள். ஏணி வெறுங்கையோடு வாத்துகளை ஓட்டினார். கோடிவரை போய், கிணற்றைச் சுற்றி, கொட்டகைக் கதவுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவை உள்ளேயும் போகவில்லை, திரும்பி ஓடவும் இல்லை. நின்று, கழுத்தை நீட்டி, ஆறும் அவள் கையையே பார்த்தன.

அவள் டீ கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூடி எங்கன்னு கேக்குதுங்க," என்றார் ஏணி.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கண் நிறைந்துவிட்டது. அவர் போய்க் கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அது ஆணியிலேயே தொங்கட்டும். நாளெல்லாம் நின்னுட்டு வர்ற, உன் காலும் கொஞ்சம் நடக்கட்டும். எந்திரி, இன்னொரு சுத்துப் போய்ட்டு வரலாம்."

வாத்துகள் முன்னால் போக, இருவரும் பின்னால் நடந்தார்கள்.