கரண்டிவாயன் வரும் மாதம்

படகின் கயிற்றை அவிழ்க்குமுன் கலியபெருமாள் குனிந்து, உப்பங்கழித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் அடித்துக்கொள்கிறார். மூன்று முறை. பிறகு துண்டால் துடைத்துவிட்டு, எதிரே சுரபுன்னைக் காட்டை ஒரு பார்வை பார்த்து, "பரவால்ல, தெளிஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறார்.

ஒன்றும் தெளிவதில்லை. வலது கண்ணில் புரை முற்றி வெள்ளையாகத் தெரிகிறது. இடது கண்ணும் அதே வழியில்தான் போகிறது. கேட்டால் தில்லை மரத்தின் மேல் பழி போடுவார். எப்போதோ கிளை ஒடித்தபோது அதன் பால் கண்ணில் தெறித்ததாம். "தில்லப் பாலு உப்புத் தண்ணியிலதான் எறங்கும் சார். ஆஸ்பத்திரியில அதுக்கு மருந்து ஏது?" பிச்சாவரத்துக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு வைத்தியம் தோன்றாது. எனக்கு எரிச்சலாக வரும்.

பன்னிரண்டு வருடமாக மார்கழி பிறந்தால் சிதம்பரத்திலிருந்து பறவை பார்க்க வந்து இவர் படகில்தான் ஏறுகிறேன். மற்ற படகுக்காரர்கள் சினிமா எடுத்த இடத்தைக் காட்டுவார்கள். இவர் ஓயாமல் பேசிக்கொண்டே வந்து, சட்டென்று வாயை மூடி விரலை உயர்த்துவார். திட்டுக்குள்ளே வேர்களுக்கு நடுவில் ஒரு பறவையின் கரகரத்த குரல் கேட்கும். "வக்கா. நைட் டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருக்கு, சத்தம் போடாதீங்க" என்பார். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பறவைகளைப் பற்றி வம்பளப்பார். உள்ளான் பயந்தாங்கொள்ளி, நீர்க்காகத்துக்கு ஆசை ஜாஸ்தி, மீன்கொத்தி யாரோடும் ஒட்டாது.

உயிர் என்னவோ கரண்டிவாயன் மேல்தான். கல்யாணமான புதிதில் மனைவி ஞானாம்பாளைப் படகில் ஏற்றிவந்து முதலில் காட்டியது அதைத்தான். தட்டையான அந்த அலகைப் பார்த்த அம்மாள், "கரண்டியோட வந்து நிக்கிது, சோறு ஆக்கிட்டியான்னு கேக்குது" என்று சொல்லிச் சிரித்தாராம். அன்றிலிருந்து வருடாவருடம் அது வந்ததும் முதல் சேதி வீட்டுக்குத்தான் போகும். ஞானாம்பாள் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. இன்றைக்கும் முதன்முதலில் அதைக் காட்டிய வாய்க்கால் திருப்பத்தில் துடுப்பை நிறுத்திவிட்டு இதைச் சொல்கிறார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

மகள் சந்திரலேகா கடலூரில் நர்ஸ். கண் ஆபரேஷனுக்கு மூன்று முறை நாள் வாங்கிக் கொடுத்தாள். மழை விடட்டும், பொங்கல் கூட்டம் போகட்டும் என்று மூன்றையும் தட்டிக்கழித்தார். நாலாவது நாள் இந்த வியாழக்கிழமை. இனியும் தள்ளினால் பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டாராம். அவள் போனில் அழுததை அவரே என்னிடம் சொன்னார். உமக்கென்ன பிடிவாதம் என்று நானும் கத்தினேன். துடுப்பு போட்டபடியே, "கண்ணக் கட்டிக்கிட்டு நான் படுத்திருக்கயில, கரண்டிவாயன் வந்துட்டுப் போயிட்டா?" என்று கேட்டார்.

சென்ற ஞாயிறு காலை திருப்பத்தில் துடுப்பை நிறுத்தினார். "வந்துட்டான் சார். அதோ, ரெண்டாவது மரத்துல."

பார்த்தேன். கிளையில் மாட்டிக்கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் பை, காற்றில் உப்பி உப்பி அடங்கியது. சொல்ல மனசு வரவில்லை. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் சத்தம் எழாமல் அவர் படகை நெருக்கினார். இன்னும் பறக்கவில்லையே என்று முகமெல்லாம் பூரிப்பு. கைக்கெட்டும் தூரம் வந்தபோது காற்று வீசிப் பை சலசலத்தது. பறவையின் சத்தத்தில் ஏமாறாத காது அது.

பையை எடுத்து மடித்துப் பலகைக்கு அடியில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "சந்திரலேகாவுக்குப் போடுங்க சார்."

அவள் எடுத்ததும், "வியாழக்கெழம வரேம்மா" என்றார். வைத்துவிட்டு, கையை நீட்டி அந்தக் கிளையை நுனிவரை தடவிப் பார்த்தார்.