பள்ளத்தில் விழாத டிரைவர்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு வெயில் பழகும், சேறு பழகும், பஞ்சர் பழகும். பக்கத்து டிரைவருக்குச் சவாரி கிடைப்பது மட்டும் பழகவே பழகாது. அடுத்த கடையில் கூட்டம் சேருவதைப் பார்த்து வயிறெரிந்த அன்பர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

1930களின் தொடக்கத்தில், மலாயாவில் சிகாமட் ரயில் நிலைய வாசலில் என் காரும் அந்தோணியின் காரும்தான் நிற்கும். அவன் என்னைவிட இளையவன், என்னைவிடச் சிவப்பு, ஓட்டுவதில் என்னைவிட மட்டம். பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாதச் சம்பளத்துக்கு டிரைவர் தேடுவதாகப் பேச்சு. வேலையோடு வீடும் உண்டு. வீடு கிடைத்தால் நாகப்பட்டினத்திலிருந்து என் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். அதற்காகவே நான் ஒரு கீறல் படாமல் ஓட்டினேன்.

துரை சொன்ன குதிரைக் கதை

ஒருநாள் துரையை ஏற்றிப்போன அந்தோணி, வளைவில் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். துரையின் தொப்பி சேற்றில் கிடந்தது. பின்னாலேயே காலி வண்டியோடு வந்த எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. "என் வண்டியில ஏறுங்க துரை" என்று கதவைத் திறந்தேன்.

துரை ஏறவில்லை. ஆட்கள் வந்து தூக்கிவிடும்வரை காத்திருந்து, அந்தோணியின் வண்டியிலேயே உட்கார்ந்தார். தோட்டத்துத் தமிழில் எனக்கு விளக்கமும் கொடுத்தார்: "எங்க ஊர்ல குதிரையிலேர்ந்து விழுந்தா, உடனே அதே குதிரையில ஏறணும். இல்லன்னா பயம் ஒட்டிக்கும். நீ போ."

கங்காணியின் கேள்வி

துரை சொன்னது ஊரெல்லாம் பரவி, அந்தோணிக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. தோட்டத்துக் கங்காணி மகள் கல்யாணத்துக்கு வண்டி பேச வந்தார். வரிசையில் முதலில் நின்றது என் வண்டி. முகம் பார்க்கலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தேன்.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தன தரம் கவுந்திருக்கு?" என்றார். ஒரு தரம்கூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அப்ப கவுந்தா என்ன பண்றதுன்னு ஒங்களுக்குத் தெரியாதே. நான் அந்தோணித் தம்பியையே வச்சுக்கறேன்."

வெள்ளம்

மழைக்காலத்தில் ஆறு ரோட்டுக்கு வந்துவிடும். அப்போது விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தண்ணீரை வாரி இஞ்சின்மேல் அடிக்கும். நடுத்தண்ணீரில் ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுக்கக்கூடாது. நான் இரண்டையும் ஒழுங்காகச் செய்து ஒரு சீன முதலாளியை, எங்கள் பேச்சில் தவ்கேயை, அக்கரை சேர்த்தேன். அந்தோணி பெல்ட்டை மறந்து நடுவில் நின்றுபோனான். ஊரே இறங்கி அவனைத் தள்ளியது. அவன் வண்டியிலிருந்த துரையின் மனைவி துரைசானி அவனுக்குத் துண்டும் சூடான காப்பியும் கொடுக்கச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காய்ந்த சட்டையோடு இறங்கிய தவ்கே என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தண்ணியில கோழிக்குஞ்சுகூட நடந்து போவும் லா."

என் முறை

கடைசியில் துரை என்னைக் கூப்பிட்டார். வேலை யாருக்கு என்று அன்று முடிவாகும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி காதில் போட்டிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் திரும்பியதும், டிரைவருக்கென்று ஒதுக்கிய அந்தக் காலி வீடு தெரிந்தது. அதன் வாசலில் அந்தோணியின் வண்டி. இவனுக்கு இங்கே என்ன வேலை என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது.

நெற்றி புடைத்திருந்தும் உள்ளூர ஒரு நிம்மதி: நானும் விழுந்துவிட்டேன். துரை மறுபடி ஏறுவார் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முழங்காலைத் தடவியபடி நடந்துபோய் அந்தோணியின் வண்டியில் ஏறிக்கொண்டார். வேலையும் வீடும் அதிலேயே போயின. என் மனைவி நாகப்பட்டினத்திலேயே இருக்கவேண்டியதாயிற்று.

துரையை இறக்கிவிட்டுக் கயிறோடு திரும்பிவந்த அந்தோணி, என் வண்டியைக் கட்டி இழுத்து மேலே ஏற்றினான். முதுகில் தட்டிக்கொடுத்தான். "மனச விடாதீங்கண்ணே. மொத தரம் அப்படித்தான் இருக்கும்."

மறுநாள் காலையே அதே வண்டியில் ஏறி ஸ்டேஷன் வாசலுக்குப் போய்விட்டேன். விழுந்த குதிரையில் மறுபடி ஏறுவது ஒன்றும் கஷ்டமில்லை, பக்கத்துக் குதிரையைப் பார்க்காமல் ஏறுவதுதான் இன்றுவரை எனக்கு வரவில்லை.